மேஸ்திரி கேட்ட கணக்கு

என் மாமனார் நெல் மண்டிக்காரர். வார்த்தையையும் அளந்துதான் போடுவார். அன்றைக்கு மதியம் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, தோள் துண்டில் துடைத்துக்கொண்டே என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

"ஷார்ஜாவுலேர்ந்து உங்க சின்னத்தா போன் போட்டாரு. கடைக்கு நம்ம வூட்டு ஆம்பள ஒருத்தன் வேணுமாம். எந்தப் பேரு குடுக்கறமோ அந்தப் பேர்ல விசா அனுப்பறாராம். வியாழக்கெழம அந்த ஆஸ்பத்திரிக்காரங்க வந்து உன் மெசின எடுத்துக்கினாங்கன்னா நீ இங்கியே இரு. எடுத்துக்கலன்னா மூட்டைய கட்டு. மூணு வருசம்."

அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார். நான் குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எனக்கு அப்போது ஆறு மாதம். மூணு வருசம் என்றால் வயிற்றில் இருப்பது பிறந்து, தவழ்ந்து, நடந்து, பேசி, சண்டை போடவே ஆரம்பித்திருக்கும். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சட்டியைக் கீழே போட்டு உடைத்திருப்பேன். மண்டி வீட்டில் பாத்திரத்துக்கெல்லாம் கணக்கு உண்டு, அதனால் வைத்துவிட்டேன்.

"இன்னா மச்சான், வாயத் தொறக்காம ஒக்காந்துகினு இருக்க?" என்றேன். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கட்டினவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம், அப்பாவை அத்தா, அவர் தம்பியைச் சின்னத்தா.

"இன்னா சொல்றது? ஓடிச்சின்னா இருக்கப்போறன்" என்றார். ஓடாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இது எண்பதுகளின் கடைசியில், புதுச்சேரிக்குப் பக்கத்தில் வில்லியனூரில். மண்டிக்குப் பக்கத்தில் சாக்கு அடுக்குகிற கொட்டகை ஒன்றைத் தடுத்து, சுண்ணாம்பு அடித்து, மேலே ஒரு ஃபேனைத் தொங்கவிட்டு அதைத்தான் எங்கள் கம்பெனி என்று சொல்லிக்கொண்டோம். மச்சான் அதற்கு முன்னால் தொழிற்பேட்டையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் யூனிட்டில் வேலை பார்த்தார். முதலாளியோடு முறைத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் பி.எஸ்ஸி. கணக்கு. கல்யாணமாகி வந்த புதிதில் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் அந்தக் கொட்டகைக்குள் போனேன். பிறகு வெளியே வரவே இல்லை.

பாகூர் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஒரு மெசின் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தோம். அவர்களுக்கு மூன்று ஜன்னல். ஒன்றில் சீட்டுப் போடுவது, இன்னொன்றில் மருந்து கொடுப்பது, மூன்றாவதில் ரத்தப் பரிசோதனை முடிவு ஏற்றுவது. மூன்று கம்ப்யூட்டர் வாங்க அவர்களுக்கு மனசில்லை. ஒரே கம்ப்யூட்டர், மூன்று திரை, மூன்று கீபோர்டு, மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேலை பார்க்க வேண்டும்.

அதற்காக மச்சான் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். அதற்கு நாங்கள் வைத்த பேர் மேஸ்திரி. மூன்று ஜன்னலுக்கும் மூன்று புரோகிராம் ஓடும். ஒவ்வொன்றும் கம்ப்யூட்டர் முழுக்கத் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டு ஓடும். பக்கத்தில் இன்னும் ரெண்டு பேர் இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. மேலே நின்று மூன்றுக்கும் நினைவகத்தில் இடம் பிரித்துக் கொடுத்து, ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கால் வைக்காமல் பார்த்துக்கொள்வது மேஸ்திரியின் வேலை. இப்போது இதற்கெல்லாம் பெரிய பெரிய பேர் வைத்து உலகமே செய்கிறது. அன்றைக்கு வில்லியனூர் சாக்குக் கொட்டகையில் உமித் தூசிக்கு நடுவே நாங்களும் செய்தோம். சும்மா சொல்லக் கூடாது, என் வீட்டுக்காரருக்கு மண்டை இருந்தது.

ஆனால் மேஸ்திரிக்கு ஒரு சங்கடம். இடம் பிரிக்க வேண்டுமென்றால் முதலில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அது அதற்குத் தானாகத் தெரியாது. சுவிட்சைப் போட்டதும் முதலில் கண் விழிப்பது மேஸ்திரி இல்லை, போர்டிலேயே பதித்து வருகிற ஒரு சிப்பு. பயாஸ் என்பார்கள். அதுதான் நினைவகத்தை முதலில் எண்ணும். திரையில் ஓர் எண் கிடுகிடுவென்று ஏறும். எண்ணி முடித்த பிறகுதான் மேஸ்திரியை எழுப்பும். மேஸ்திரி எழுந்ததும் முதல் வேலையாக அந்தச் சிப்பிடம் கேட்கும், கீழ்த்தட்டில் எவ்வளவு, மேல்தட்டில் எவ்வளவு என்று. அது சொல்கிற பதிலை வைத்துத்தான் மேஸ்திரி கோடு கிழிக்கும். சிப்பு கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கூடுதலாக வராது.

எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மழை நாளில் கரண்ட் விட்டு விட்டு வந்ததில் போர்டு கருகிப்போனது. மெட்ராஸிலிருந்து புதுப் போர்டு வந்தது, கூடவே பெரிய ஹார்டு டிஸ்க் ஒன்றும் வந்தது. அன்றிலிருந்து பிடித்தது சனி.

காலையில் போட்டால் ஓடும். ஒரு ஜன்னல் ஓடும், ரெண்டு ஜன்னல் ஓடும். மூன்றாவதையும் திறந்து கொஞ்ச நேரம் வேலை பார்த்தால் எல்லாம் அப்படியே உறைந்து நின்றுவிடும். டிஸ்க்கைக் காணோம் என்று ஒரு வரி வரும். டிஸ்க் அங்கேதான் கர்ர் என்று சுற்றிக்கொண்டிருக்கும், கையை வைத்தால் அதிர்வு தெரியும். கண்ணுக்கு முன்னால் இருக்கிற பொருளை இல்லை என்று சொன்னால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? சில தடவை நிற்பதற்கு முன்னால் எதையோ எங்கேயோ எழுதித் தொலைத்துவிடும். நாங்கள் ஏற்றி வைத்திருந்த நோயாளி பேரெல்லாம் நாசமாகும். மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

மாமா கெடு வைத்தபோது நிலைமை இதுதான்.

என் நாத்தனார், மச்சானுக்கு அக்கா, எங்களோடு அதே வீட்டில்தான் இருந்தாள். நான் மச்சி என்று கூப்பிடுவேன். அவளுக்கு ரெண்டு பிள்ளைகள், பெரியவன் பள்ளிக்கூடம் போகிறவன், சின்னது இடுப்பை விட்டு இறங்காத பெண். அவள் வீட்டுக்காரர்தான் மண்டியில் நெல் அளப்பவர். நல்ல கனத்த குரல். ஏம்பலத்திலிருந்தும் சுத்துக்கேணியிலிருந்தும் வண்டி வந்து நின்றால், கொட்டகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் குரல்தான் கேட்கும். நான் அவரை அண்ணே என்பேன்.

அந்த வாரம் முழுக்க மச்சிதான் எங்களைத் தாங்கினாள். என்னை அடுப்படிப் பக்கம் விடவில்லை. "நீ போய் அந்தப் பேய்கூட மாரடி, சோத்த நான் பாத்துக்கறன்" என்று விரட்டினாள். கொட்டகைக்கே டீ வரும். திங்கட்கிழமை சாயங்காலம் தர்காவுக்குப் போய், மெசின் ஓடணும் என்று நேர்ந்துகொண்டு வந்து, அங்கே ஓதித் தந்த சர்க்கரையைக் கம்ப்யூட்டர் மேலேயே வைத்துவிட்டாள். எறும்பு வரும் மச்சி என்று கத்தினேன்.

"வரட்டுமே, எறும்பாச்சும் உள்ள பூந்து இன்னான்னு பாக்கும். நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, பாத்துக்கினே இருக்கீங்க" என்றாள்.

அப்புறம் போகாமல் நின்றாள். "ஓடிடுமாடி?" என்று கேட்டாள்.

"ஓடும் மச்சி. ஓட வெக்கறன் பாரு."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, புதுச்சேரி பஸ்ஸுக்கு நின்றார். மண்டி நாளில் அவர் டவுனுக்குப் போகிறவர் இல்லை. எங்கே அண்ணே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் உள்ளே மச்சான் கூப்பிட்டார், ஓடிவிட்டேன்.

உள்ளே மறுபடி நின்றுபோயிருந்தது. மச்சான் டிஸ்க் கேபிளை மாற்றினார், டிஸ்க்கின் கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினார், கரண்டைச் சீர்படுத்துகிற ஸ்டெபிலைசர் பெட்டியை மாற்றினார். ஒன்றும் ஆகவில்லை. டிஸ்க்கே மட்டம் என்று முடிவு கட்டி, மெட்ராஸ் போய் வேறு வாங்கி வருகிறேன் என்று சட்டையை எடுத்தார். மெட்ராஸ் போய் வந்தால் வியாழக்கிழமை தாண்டிவிடும்.

"ஒக்காரு" என்றேன். நான் சத்தம் போட்டுப் பேசியது மண்டிவரை கேட்டிருக்கும். "டிஸ்க்கு மட்டம்னா மொத ஜன்னல்லியே நிக்கணும். மூணாவது தொறந்தாத்தான் நிக்குது. அதுவும் ரத்த ரிசல்ட்டு பக்கம் பூரா ரொம்பினாத்தான் நிக்குது. நான்தான் மூணுலயும் ஒக்காந்து தட்டறன், எனக்குத் தெரியாதா? இது டிஸ்க்கு இல்ல, எடம். உன் மேஸ்திரி எடத்த தப்பா பிரிக்குது."

"பழைய போர்டுல ஒழுங்கா பிரிச்சிதே!"

"அப்ப இதுல இன்னா பிரிக்குதுன்னு காட்டு. எழுந்த ஒடனே அந்தச் சிப்பாண்ட இன்னா கேக்குது, அது இன்னா சொல்லுது, எல்லாத்தையும் தெரைல போடு. மறைக்காத."

முணுமுணுத்துக்கொண்டே போட்டார். சுவிட்சைத் தட்டினோம். எண் ஏறியது. மேஸ்திரி எழுந்தது. கீழ்த்தட்டில் எவ்வளவு என்று கேட்டது. சிப்பின் பதில் கிலோபைட் கணக்கில் திரையில் வந்தது: 639.

அடுத்த வரியில் மேஸ்திரி எடுத்துக்கொண்ட கணக்கு: 640.

"இது இன்னா மச்சான், அது ஒண்ணு கொறைச்சி சொல்லுது, நீ ஏத்தி எடுக்கற?"

"அது கொறையல. அப்பிடித்தான்."

"எப்பிடித்தான்?"

அவர் தடுப்புப் பக்கம் கையைக் காட்டினார். இதை நான் விளக்கித்தான் ஆக வேண்டும். மண்டிகளில் மரக்கால் என்கிற பாத்திரத்தால் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்பார்கள். பெரும்பாலான இடத்தில் லாபம், ரெண்டு, மூணு என்று போகும். எங்கள் மாமனார் மண்டியில் மட்டும், யார் எப்போது ஆரம்பித்து வைத்தார்களோ, லாபத்துக்கு அப்புறம்தான் ஒண்ணு வரும், பிறகு ரெண்டு. அதனால் அளந்து முடித்தவுடன் கடைசியாகச் சொன்ன எண்ணோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள். பத்தொம்பது என்று குரல் வந்தால் இருபது மரக்கால். அந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இது யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. வாய் எண்ணும்போதே மனசு ஒன்றைச் சேர்த்துவிடும்.

"சிப்பு பூஜ்யத்துலேர்ந்து எண்ணுது. நம்ம லாபம் மாதிரி. கடசி நம்பர் 639ன்னா மொத்தம் 640. ஒண்ணு சேத்துக்கணும், சேத்தன்" என்றார். சொல்லும்போது அவருக்குத் துளி சந்தேகம் இல்லை.

எனக்கும் ஒரு நிமிஷம் சரியென்றுதான் பட்டது. கம்ப்யூட்டர்காரர்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள் என்பது பொய்யில்லை. ஆனால் ஏதோ உறுத்தியது. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், வயிற்றில் ஓர் உதை விழுந்தது, மறுபடி எழுந்தேன்.

"பழைய போர்டு எவ்ளோ சொல்லிச்சி?"

"640."

"அப்ப ஒண்ணு சேத்தியா?"

"இல்ல. அது சரியா சொல்லிச்சி."

"அதுவும் பயாஸ்தான், இதுவும் பயாஸ்தான். அது மட்டும் ஒண்ணுலேர்ந்து எண்ணிச்சி, இது மட்டும் லாபத்துலேர்ந்து எண்ணுதா? இது இன்னா உங்க அத்தா மண்டில வேல பாத்த சிப்பா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "எனக்கு எண்ணக் கத்துத் தரியா நீ? நான் மரக்கால் சத்தத்துலயே பொறந்தவன்!"

"அதான் சொல்றன்! நீ மண்டில பொறந்த, அது பொறக்கல!"

அந்தப் பக்கம் மண்டியில் அண்ணனுக்குப் பதிலாக யாரோ கூலியாள் அளந்துகொண்டிருந்தான், எண்ணிக்கையை விட்டுவிட்டு மாமாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். மச்சான் தலையைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். கோபம் இறங்கி, பயம் ஏறுவது அவர் முகத்தில் தெரிந்தது.

"சரி. 639தான்னே வெச்சிக்கோ. அப்ப அந்தக் கடசி ஒண்ணு எங்க போச்சி? சிப்பு எண்ணும்போது பூராத்தையும்தான எண்ணுது?"

"போவல. அங்கதான் இருக்கும். போய்ப் பாப்பம்."

மேஸ்திரியை எழுப்பாமல், வெறும் கம்ப்யூட்டரை மட்டும் எழுப்பினோம். அந்தக் கடைசி ஒரு கிலோபைட்டில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தோம். யாரும் குடிபோகாத இடம், எல்லாம் பூஜ்யமாக இருந்திருக்க வேண்டும். பெரும்பாலும் பூஜ்யம்தான். ஆனால் ஓரத்தில் சில எண்கள் உட்கார்ந்திருந்தன.

அவை என்னவென்று நான் கையாலேயே பெருக்கிக் கூட்டிப் பார்த்தேன். கணக்கு முடிந்ததும் இன்னொரு தடவை கூட்டினேன். அந்த எண் எனக்குத் தெரிந்த எண். புது டிஸ்க்கைப் போட்ட அன்று, அந்த மாதிரி டிஸ்க் சிப்பின் பட்டியலிலேயே இல்லை என்பதால், அதற்கு எத்தனை வட்டம், எத்தனை தலை என்று நானே என் விரலால் தட்டி ஏற்றியிருந்தேன். நான் தட்டிய அதே எண்.

"மச்சான், இது டிஸ்க்கோட அளவு."

"சும்மா தற்செயலா இருக்கும்."

"மாத்திப் பாரு."

அளவைப் பொய்யாக ஒன்று மாற்றித் தட்டி, நிறுத்தி, மறுபடி எழுப்பி, அந்த இடத்தைப் பார்த்தோம். அங்கேயும் எண் மாறியிருந்தது. மச்சான் "அடியே" என்றார்.

சிப்பு பொய்யே சொல்லவில்லை. டிஸ்க்கின் அளவை எழுதி வைத்துக்கொள்ள அதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. கடைசி ஓரத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அதைக் கழித்துவிட்டு, மீதி இவ்வளவுதான் உனக்கு என்று நியாயமாகச் சொன்னது. என் வீட்டுக்காரர்தான் மண்டிப் பழக்கத்தில் ஒன்றைச் சேர்த்து, அந்தத் துண்டையும் மூன்றாவது ஜன்னலுக்குப் பங்கு போட்டுவிட்டார். ரத்த ரிசல்ட்டுப் பக்கம் நிரம்பும்போது அது அங்கே போய் எழுதும். டிஸ்க்கின் அளவு அழியும். அப்புறம் சிப்புக்கே டிஸ்க் எங்கே, எவ்வளவு என்று தெரியாது.

சேர்த்த ஒன்றை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். எடுத்ததும் மூன்றாவது புரோகிராம் உள்ளே நுழையவே மாட்டேன் என்றது. அவ்வளவு இறுக்கமாக எழுதியிருந்தார் மனுஷன். புதன்கிழமை முழுக்க எதை வெட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று வரி வரியாகப் பார்த்தோம். கடைசியில் அவர் ஆசை ஆசையாகச் செய்து வைத்திருந்த வரவேற்புத் திரை, பூ வேலைப்பாடு எல்லாம் போட்டு நடுவில் எங்கள் ரெண்டு பேர் பேரும் வரும், அதைத் தூக்கினார். "பேரு இல்லன்னா இன்னா, ஆளு இருக்கட்டும்" என்றார். அப்போதுதான் அவர் எவ்வளவு பயந்து போயிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் அழுதேன். அவர் பார்க்காதபடி கீபோர்டு துணியில் துடைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மாவும் மூன்று ஜன்னலுக்கும் உட்காரப் போகிற மூன்று பெண்களும் வேனில் வந்து இறங்கினார்கள். டாக்டரம்மா சிரிக்கவே இல்லை. "போன வாட்டி வந்தப்ப நின்னுபோச்சு. இன்னைக்கும் நின்னா வேற எடம் பாத்துக்கறோம்" என்று வாசற்படியிலேயே சொல்லிவிட்டார்.

உட்கார வைத்து, டீ கொடுத்து, சுவிட்சில் கை வைத்தால் கரண்ட் போய்விட்டது! மேலே ஃபேன் மெதுவாக நின்றது. வாசலில் மாமா வந்து கைகட்டி நின்றார். அவருக்குப் பின்னால் மச்சி, இடுப்பில் பிள்ளை. டாக்டரம்மா வாட்சைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை பார்ப்பதற்குள் கரண்ட் வந்ததே, அதுவரைக்கும் நான் கும்பிடாத சாமி இல்லை, எங்கள் மார்க்கத்தில் இதைச் சொன்னால் அடி விழும்.

எண் ஏறியது. மேஸ்திரி எழுந்தது. கேட்டது. 639 என்றது சிப்பு. 639 என்று எடுத்துக்கொண்டது மேஸ்திரி.

முதல் ஜன்னல் பெண் சீட்டுப் போட்டாள். ரெண்டாவது பெண் மருந்து ஏற்றினாள். மூன்றாவது பெண் புதியவள், ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி ஒற்றை விரலால் குத்தினாள். எனக்கு அவள் கையைப் பிடித்து நானே தட்டிவிடலாமா என்றிருந்தது. ரத்தப் பக்கம் பாதி நிரம்பியது. முக்கால் நிரம்பியது. எப்போதும் நிற்கிற வரி வந்தது. மச்சான் மூச்சை நிறுத்திவிட்டார், பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. அவள் கடைசிக் கட்டத்தையும் நிரப்பி, சேமிக்கிற பட்டனைத் தட்டினாள்.

டிஸ்க் கர்ர் என்றது. அடுத்த பக்கம் திறந்தது.

"இன்னொரு தடவ" என்றார் டாக்டரம்மா. இன்னொரு தடவை. அதற்கப்புறமும் ஒரு தடவை. மூன்று பேரையும் ஒரே சமயத்தில் தட்டச் சொன்னார். கண்டமேனிக்குத் தட்டச் சொன்னார். ஓடியது. கடைசியில் அந்த அம்மா சிரித்தார். "சனிக்கிழமை வண்டி அனுப்பறேன்" என்றார்.

வேன் போனதும் மச்சான் சாக்கு மேல் பொத்தென்று உட்கார்ந்தார். நான் அவர் தலைமுடியைப் பிடித்து ஆட்டினேன், மாமா நிற்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. மாமா தொண்டையைச் செருமினார். "சொன்னது சொன்னதுதான். நீ இரு" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். போன் பேச போஸ்ட் ஆபீசுக்குப் போகிறார் என்று தெரிந்தது. நான் துள்ளினேன், அந்த வயிற்றோடு.

ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னார். அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னார். "உம் பேரு குடுத்துட்டன். போட்டோ, பாஸ்போட்டு நம்பரு எல்லாம் நாளைக்கு அனுப்பிடலாம். அடுத்த மாசம் கௌம்பணும்."

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே "சரி மாமா" என்றார். செவ்வாய்க்கிழமை வெள்ளைச் சட்டை விசாவுக்குப் போட்டோ எடுக்கத்தான் என்று அப்போது புரிந்தது. ஷார்ஜாக்காரருக்கு வேண்டியது எங்கள் வீட்டு ஆம்பளை ஒருத்தன். மச்சான் இல்லையென்றால் வேறு யார் இருக்கிறார்கள் அந்த வீட்டில்?

நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். மச்சியின் பின்னாலேயே அடுப்படிக்குப் போனேன். அவள் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மச்சி, உனக்கு இது முன்னியே தெரியுமா?"

"தெரியும். அன்னிக்கே அத்தா சொல்லிட்டாரு. தம்பி இல்லன்னா இவருன்னு."

"தெரிஞ்சிமா தர்காவுக்குப் போன? எங்ககிட்ட ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"நீ எங்க கேட்ட? நீ அந்த மெசினத்தான கேட்டுகினு இருந்த?" குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. பானையைக் கவிழ்த்தாள். "சொல்லியிருந்தா நீங்க ரெண்டு பேரும் கைய உட்டுருப்பீங்க. யாராச்சும் ஒருத்தி அழுதுதான் ஆவணும். எனக்கு ரெண்டு இருக்குது, தேத்திக்குவன். உனக்கு இன்னம் பொறக்கவே இல்ல. போடி, போய் சாப்புடு."

மச்சான் அப்பாவிடம் போய்ச் சண்டை போட்டார், நானே போகிறேன் என்றார். மாமா அசையவில்லை. ஆஸ்பத்திரிக்கு மெசின் கொடுத்தாயிற்று, நின்றுபோனால் யார் பார்ப்பது என்று கேட்டார். அடுத்த மாதம் அண்ணன் அதே வெள்ளைச் சட்டையில் மெட்ராஸ் பஸ் ஏறினார். மச்சி வாசலில் நின்று கையாட்டினாள். உள்ளே வந்து, மாவாட்ட உட்கார்ந்து, சாயங்காலம்வரை ஆட்டிக்கொண்டே இருந்தாள். மண்டியில் கூலியாள் குரல் நிரந்தரமாகிவிட்டது.

எனக்குப் பெண் பிறந்தது. மச்சியின் சின்னதும் என்னுடையதும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் தூங்கி வளர்ந்தன. மச்சான் கொட்டகையை விட்டு எங்கேயும் போகவில்லை. ஆஸ்பத்திரி மெசின் ஒரு நாளும் நின்றதில்லை. அதைப் பார்த்து இன்னும் ரெண்டு இடத்தில் கேட்டார்கள்.

மூணு வருசம் சொன்னபடி முடிந்து அண்ணன் லீவில் வந்தார். தந்தி ஏதும் கொடுக்கவில்லை, அசத்தலாம் என்று நினைத்திருக்கிறார். மச்சி கடைக்குப் போயிருந்த நேரம். கொட்டகையில் மச்சான் ஒரு போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு கையில் ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் கோல் வைத்திருந்தார், நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மச்சியின் சின்னப் பெண் உள்ளே ஓடி வந்து, என் மகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாயால் மச்சானைக் கூப்பிட்டாள்.

"அத்தா, அத்தா! யாரோ ஒருத்தரு பொட்டியோட வந்துருக்காரு."

அண்ணன் அவளுக்குப் பின்னாலேயே நிலைப்படியில் நின்றிருந்தார். கேட்டுவிட்டார். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் உறை பிரிக்காத ஒரு பொம்மை. மச்சான் சால்டரிங்கைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"வேலயப் பாரு மாப்ள, வேலயப் பாரு. நான் இப்பிடி ஒக்காந்துக்கறன்" என்று சொல்லி, அண்ணன் வாசலோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.